கந்தகப் புகையும் 350 மில்லிகிராமும்: ஓர் உலர்பழ வியாபாரிக்குப் பதில்

வாசகர் கேள்வி: திருச்சியில் இருபது வருடங்களாக உலர்பழக் கடை நடத்தி வருகிறேன். போன மாதம் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து, நான் விற்கும் ஆப்ரிகாட்டில் மாதிரி எடுத்துச் சென்றார். சரக்கு, மொத்த வியாபாரியிடம் முறையான பில்லுடன் வாங்கியது. அடுத்த வாரமே ஒரு வாடிக்கையாளர் கைப்பேசிக்கு வந்த செய்தி ஒன்றைக் காட்டினார். கந்தகம் போட்ட உலர்பழத்தை அமெரிக்க அரசு 1906ஆம் ஆண்டிலேயே விஷம் என்று தடை செய்துவிட்டது, முதலாளிகள் லஞ்சம் கொடுத்து அந்தத் தடையை நீக்கினார்கள் என்று அதில் இருந்தது. அரசாங்கம் பழப் பெட்டிகள் மீதே வழக்குப் போட்டதாகவும் எழுதியிருந்தது. இதில் எது உண்மை? எனக்கு இதனால் ஏதாவது தொல்லை வருமா? இன்னொரு சந்தேகம்: என்னிடம் உள்ள காய்ந்த அத்திப்பழத்தின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அது பூஞ்சையா?

பதிலளிப்பவர்: ஓய்வுபெற்ற அரசு உணவுப் பகுப்பாய்வாளர்

அன்புள்ள ஐயா,

உங்கள் வாடிக்கையாளர் காட்டிய செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யை எளிதில் மறுத்துவிடலாம். பாதி உண்மையை மறுப்பதற்கு நடந்தது அத்தனையையும் சொல்லியாக வேண்டியிருப்பதால் இந்தப் பதில் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் உணவுக்கும் மருந்துக்கும் பொதுவான முதல் தூய்மைச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1906 ஜூன் 30 அன்று கையெழுத்திட்டார். அது 1907 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் கந்தகத்துக்கு எந்தத் தடையும் இல்லை. உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடிய சேர்ப்புப் பொருள் எதுவும் கலந்திருந்தால் அது கலப்பட உணவு என்று மட்டுமே சொல்லியிருந்தது. எந்தப் பொருள், எவ்வளவு இருந்தால் கேடு என்பதைச் சட்டம் சொல்லவில்லை. தர அளவுகளை வகுத்துச் சட்டத்துக்குச் சமமான வலுவுடன் வெளியிடும் அதிகாரத்தையும் நாடாளுமன்றம் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு பகுப்பாய்வாளனாக நான் இந்தக் கதையில் முதலில் பார்ப்பது இந்த ஓட்டையைத்தான்; பின்னால் வந்த குழப்பங்களில் பெரும்பாலானவை இதன் வழியாகவே நுழைந்தன.

அதற்காக அளவுகோலே இல்லாமல் இருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சட்டம் கையெழுத்தாவதற்குச் சில நாள் முன்புதான் அமெரிக்க வேளாண்மைத் துறை உணவுப் பொருள்களுக்கான தூய்மைத் தரங்கள் அடங்கிய ஒரு சுற்றறிக்கையை வெளியிட்டிருந்தது. நன்கு விளைந்த, சரியாகப் பக்குவம் செய்யப்பட்ட புதிய பழத்தை, தீங்கான பொருள் எதுவும் ஏறாதபடி உலர்த்தி எடுத்த, சுத்தமான, கெடாத பொருளே உலர்பழம் என்று அது வரையறுத்தது. வெயிலில் காய்ந்ததை ஒரு பெயராலும், சூளை வெப்பத்தில் காய்ந்ததை வேறு பெயராலும் பிரித்தது. சூளையில் வற்றிய ஆப்பிளில் ஈரம் நூற்றுக்கு 27 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், அந்த ஈரத்தைக் கொதிநீர் வெப்பத்தில் நான்கு மணி நேரம் உலர்த்தித்தான் கணக்கிட வேண்டும் என்றும்கூட எழுதியது. எண்ணை மட்டும் சொல்லாமல் அதை அளக்கும் முறையையும் சேர்த்துச் சொன்னவர்களை நான் மதிக்கிறேன். அளக்கும் முறை குறிப்பிடாத வரம்பு வழக்குமன்றத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஆனால் இந்தச் சுற்றறிக்கை அறிவுரையாக இருந்ததே தவிர, சட்டமாக இல்லை.

‘தீங்கான பொருள் எதுவும் ஏறாதபடி’ என்ற அந்தத் தொடருக்குப் பின்னால் ஒரு பழைய சூடு இருந்தது. 1890களில் அமெரிக்க ஆப்பிள் வற்றல் ஜெர்மனிக்குப் போனபோது, அங்குள்ள வேதியியலாளர்கள் அதில் துத்தநாகம் இருப்பதைக் கண்டார்கள். துத்தநாகம் பூசிய கம்பி வலைத் தட்டுகளில் ஆப்பிள் துண்டுகளைப் பரப்பி உலர்த்தியதால், பழத்தின் புளிப்பு உலோகத்தை அரித்துத் துண்டுகளில் ஏற்றிவிட்டது. யாரும் வேண்டுமென்று கலந்ததல்ல. எவர்சில்வர் வருவதற்கு முன் நம் வீடுகளில் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளி ஊற்றிய குழம்பு களிம்பேறிப்போன அதே சங்கதிதான். வாங்கும் நாடு சரக்கை மறுக்கத் தொடங்கியபோதுதான், உலர்பழத்தில் எது ஏறுகிறது என்பது அரசாங்கம் கவலைப்பட வேண்டிய விஷயமாக ஆயிற்று.

இப்போது பெட்டிகள் மீது வழக்கு என்ற பகுதிக்கு வருகிறேன். இது முற்றிலும் உண்மை. சட்டத்தின் 10ஆம் பிரிவே அப்படித்தான் அமைந்திருந்தது. கலப்படம் என்று கருதப்படும் சரக்கு எந்த ஊரில் கிடக்கிறதோ அந்த ஊர்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், அந்தச் சரக்கையே எதிர்தரப்பாக வைத்து அரசு மனுப் போடலாம். கடல் வாணிபச் சட்டத்தில் கப்பலையே பிரதிவாதியாக்கி நிறுத்தும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. முதலாளி எந்த நாட்டில் இருந்தாலும் கப்பல் துறைமுகத்தில் நிற்கிறதல்லவா, அதைப் பிடித்து வைத்தால் போதும். அந்த நடைமுறையை அப்படியே உணவுக்கும் எடுத்துக்கொண்டார்கள். 1909இல் பிடிபட்டு உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு புகழ்பெற்ற வழக்கின் பெயரே ‘அமெரிக்க அரசு எதிர் 40 பீப்பாய் 20 சிறு பீப்பாய் கொக்கோ கோலா’ என்பதுதான். அத்திப்பழப் பெட்டிகளும் ஆப்பிள் வற்றல் பெட்டிகளும் இதே முறையில் கூண்டில் ஏறின. சரக்குக்காக வாதாட உரிமையாளர் வரலாம், ஜூரி விசாரணையும் கேட்கலாம். வராமல் இருந்தால் பெட்டிகளுக்குத் தண்டனை உறுதி. நீதிமன்றம் அவற்றை அழிக்கச் சொல்லலாம், அல்லது விற்றுச் செலவு போக மீதியை அரசுக் கருவூலத்தில் கட்டச் சொல்லலாம். சட்டத்துக்கு மாறாக விற்க மாட்டேன் என்று பிணைப் பத்திரம் கொடுத்து உரிமையாளர் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வழி இருந்தது.

பிடித்த சரக்கு இலக்கு ஊருக்கு வந்து சேர்ந்து, வாங்கியவரின் கிடங்குக்குள் போய்விட்ட பிறகும் அதைத் தொடலாமா என்ற கேள்வி எழுந்தது. பதப்படுத்திய முட்டை டின்கள் 50 தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1911இல் தொடலாம் என்றது. முட்டைக்குச் சொன்ன தீர்ப்பு என்றாலும் பழத்துக்கும் அதுவே நெறி. தீர்ப்பு வந்தபின் வழக்கின் விவரத்தை அரசு அச்சிட்டு வெளியிட வேண்டும் என்று 4ஆம் பிரிவு கூறியதால், ‘தீர்ப்பு அறிவிப்புகள்’ என்ற பெயரில் சிறு சிறு தாள்கள் எண்ணிட்டு வெளிவந்தன. அபராதத்தைவிட இந்தத் தாள்களுக்கே வியாபாரிகள் அஞ்சினார்கள் என்பது என் எண்ணம். கெட்ட சரக்கை மாநில எல்லை தாண்டி அனுப்பியவருக்கு முதல் குற்றத்துக்கான அபராதம் 200 டாலருக்கு மேல் போகாது. ஆனால் இன்னார் அனுப்பிய அத்திப்பழம் புழுத்தது என்று அரசாங்க அச்சில் ஏறிவிட்டால் அதைத் துடைக்க முடியாது.

அந்தச் சட்டம் உலர்பழத்தின் மீது பாய்ந்த வழிகள் மூன்று. அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் உங்கள் வாடிக்கையாளரைப் போன்றவர்கள் குழம்புகிறார்கள்.

ஒன்று அசுத்தம். அழுக்கான, அழுகிய, சிதைந்த தாவரப் பொருள் முழுதாகவோ பகுதியாகவோ இருந்தால் அது கலப்படம் என்று 7ஆம் பிரிவு சொன்னது. இதற்கு உடல்நலக் கேட்டை நிரூபிக்க வேண்டியதில்லை. புழுத்த அத்திப்பழத்தைத் தின்றவர் யாராவது நோயுற்றாரா என்று நீதிமன்றம் கேட்காது. புழு இருந்ததா என்று மட்டுமே கேட்கும். ஆகவே ஆய்வாளரின் வேலை எளிதாயிற்று: பெட்டிகளிலிருந்து மாதிரி எடுத்து, ஒவ்வொரு பழமாகப் பிளந்து, நூற்றுக்கு எத்தனையில் புழு, புழு எச்சம், பூஞ்சை என்று எண்ணினால் போதும். அத்தியில் பழத்தின் அடிக்கண் வழியாகப் பூச்சி உள்ளே போய்விடுவதால் வெளித்தோற்றம் ஏமாற்றும். பிளக்காமல் சொல்லவே முடியாது. இந்த வகை வழக்குகளில் அரசு பெரும்பாலும் தடுமாறவில்லை.

இரண்டாவது தண்ணீர். இதை நம்மூரில் யாரும் கலப்படமாகவே நினைப்பதில்லை, ஆனால் எடைக்கு விற்கும் பண்டத்தில் இதைவிட இலாபகரமான கலப்படம் இல்லை. வற்றலைச் சரியாக வற்ற விடாமல், அல்லது வற்றிய பின் நனைத்து, ஈரத்தோடு பெட்டியில் அடைத்தால் வாங்குபவர் தண்ணீருக்கு ஆப்பிள் விலை கொடுக்கிறார். பொருளின் தரத்தைத் தாழ்த்தும்படி வேறொன்றைச் சேர்ப்பதும், பொருளுக்குப் பதிலாக வேறொன்றை வைப்பதும் கலப்படம் என்ற அதே 7ஆம் பிரிவின் முதல் வரிகள் இதற்குப் பொருந்தின. அந்த 27 பங்கு என்ற அளவு, சட்டமாக இல்லாவிட்டாலும், ஒழுங்கான வியாபாரம் எது என்பதற்குச் சான்றாக நின்றது.

மூன்றாவதுதான் கந்தகம். அரசாங்கம் இங்கேதான் சறுக்கியது.

கந்தகப் புகையின் வேலை என்ன என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஆப்ரிகாட், பீச் போன்ற பழங்களை இரண்டாக வெட்டித் தட்டுகளில் பரப்பி, காற்றுப் புகாத அறையில் வைத்துக் கந்தகத்தை எரிப்பார்கள். எழும் கந்தக டை ஆக்ஸைடு பழத்தின் ஈரத்தில் கரைந்து, வெட்டிய இடம் கறுக்காமல் தடுக்கிறது. புளிப்பேறாமலும் பூச்சி அண்டாமலும் காக்கிறது. பிறகு வெயிலில் காய வைக்கிறார்கள். உங்கள் கடையில் ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் ஆப்ரிகாட் புகை கண்டது. பழுப்பாக, வெல்லக்கட்டி போலிருப்பது புகை காணாதது. கிஸ்மிஸ் திராட்சையிலும் பொன்னிறமானது பெரும்பாலும் புகை கண்டதே. வெறும் வெயிலில் காய்ந்த கறுப்புத் திராட்சைக்கு இது தேவையில்லை.

வேளாண்மைத் துறையின் தலைமை வேதியியலாளராக 1883 முதல் இருந்த ஹார்வி வைலி, உணவில் சேர்க்கும் பதப்படுத்திகளை மனிதர்களுக்கே கொடுத்துச் சோதிப்பது என்று 1902இல் இறங்கினார். துறையின் கட்டடத்திலேயே அடித்தளத்தில் சாப்பாட்டுக் கூடம் அமைத்து, தாமாக முன்வந்த 12 இளைஞர்களுக்கு முதலில் போராக்ஸ், பிறகு சாலிசிலிக் அமிலம், சல்பியூரஸ் அமிலமும் (கந்தக டை ஆக்ஸைடு நீரில் கரைந்தால் உண்டாவது) அதன் உப்புகளும், பென்சாயிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு என்று வரிசையாகக் கொடுத்தார். செய்தித்தாள்கள் அவர்களை ‘நஞ்சுப் படை’ என்று அழைத்தன. கந்தகப் பதப்படுத்தி உடலுக்குக் கேடு என்பது வைலியின் முடிவு; அந்த அறிக்கை 1907இல் அச்சாயிற்று. தொழில்முறையில் பார்த்தால் அந்தச் சோதனையில் குறை உண்டு. தனியாக ஓர் ஒப்பீட்டுக் குழு இல்லை, ஒவ்வொருவரின் முந்தைய உடல்நிலையே அவருக்கு ஒப்பீடு. எதைச் சாப்பிடுகிறோம் என்பது தெரிந்தவனுக்குத் தலைவலி வருவதில் வியப்பில்லை. ஆனால் அன்று வேறு யாரிடமும் இதைவிட நல்ல சான்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

1907 கோடையில் உணவு ஆய்வுத் தீர்மானம் எண் 76 வெளியாயிற்று. நிதி, வேளாண்மை, வணிகம் ஆகிய மூன்று துறைகளின் செயலர்களும் சேர்ந்து வெளியிட்டது. கந்தக டை ஆக்ஸைடு மதுவில் லிட்டருக்கும் மற்ற உணவில் கிலோவுக்கும் 350 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், அதிலும் வேறு பொருளோடு பிணையாமல் கட்டற்ற நிலையில் இருப்பது 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றது. இது தடை அல்ல, வரம்பு. ஆனால் கலிஃபோர்னியாவின் ஆப்ரிகாட், பீச் விவசாயிக்கு இது தடைக்குச் சமம். ஏனெனில் அன்றைய முறையில் புகையிட்ட பழத்தில் கிலோவுக்கு ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். மதுவுக்கும் வற்றலுக்கும் ஒரே எண்ணைப் பொருத்தியதே எனக்குச் சரியாகப் படவில்லை. வற்றலில் நீர் போய்ச் சாரம் இறுகுகிறது. அதே வற்றல் கிடங்கில் கிடக்கும் மாதங்களில் அந்த வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறவும் செய்கிறது. அறுவடை மாதத்தில் எடுத்த மாதிரியும் ஆறு மாதம் கழித்து எடுத்த மாதிரியும் ஒரே எண்ணைக் காட்டாது. தவிர, நேரமும் மோசம். ஆப்ரிகாட் பழுப்பது ஜூன், ஜூலையில். பழம் தட்டில் காயும்போது அதை விற்க முடியுமா முடியாதா என்று தெரியாத நிலையை உண்டாக்கினார்கள்.

எதிர்ப்பு கிளம்பியதில் ஆச்சரியம் இல்லை. வேளாண்மைத் துறைச் செயலர் ஜேம்ஸ் வில்சன் அந்த ஆகஸ்டிலேயே கலிஃபோர்னியாவுக்குப் போய் விவசாயிகளையும் வியாபாரிகளையும் சந்தித்தார். உங்கள் தொழிலை அழிப்பது நாடாளுமன்றத்தின் நோக்கமல்ல, வாஷிங்டனில் உள்ள எங்களுக்கு இன்னும் போதுமான அளவு தெரியவில்லை, வழக்கம்போல் செய்துகொண்டிருங்கள், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பது தெளிவாகும்வரை சரக்கைப் பிடிக்கவோ வழக்குப் போடவோ மாட்டேன் என்று அவர்களிடம் உறுதி கூறினார். லஞ்சத்துக்கு இங்கே இடமே ஏற்படவில்லை, ஐயா. அமைச்சர் பொறுப்பில் இருந்தவர் பட்டப்பகலில், கூட்டத்தின் நடுவில் கொடுத்த வாக்கு அது. அரசாங்கம் தனக்குத் தெரியாததை ஒப்புக்கொண்டது என்று இதை மெச்சவும் செய்யலாம். தன் தலைமை வேதியியலாளரின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே தெரியாது என்றது என்று குறை கூறவும் செய்யலாம். எனக்கு இரண்டாவது பக்கமே சாய்வு என்றாலும், விளைந்த பயிரைத் தட்டில் வைத்துக்கொண்டு நிற்பவனிடம் நான் போயிருந்தால் வேறென்ன சொல்லியிருப்பேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

1908 தொடக்கத்தில் தீர்மானம் எண் 89 வந்தது. நிபுணர் குழு ஒன்று முடிவு சொல்லும்வரை, வழக்கமான அளவில் கந்தக டை ஆக்ஸைடு உள்ள உணவுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவ்வாறு தயாரிக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு பொதியின் மேலும் தெளிவாக எழுத வேண்டும் என்றது. இதோடு இன்னொரு வாக்கியமும் இருந்தது: மிகுதியான ஈரத்தோடு பழத்தை விற்பதற்காக அளவுக்கு மீறிக் கந்தகம் ஏற்றினால் அது மோசடிக் கலப்படம், அதன் மேல் நடவடிக்கை உண்டு. இந்த வாக்கியத்தை எழுதியவர் தொழிலின் உள்கதை தெரிந்தவர். ஈரமான பழம் கெட்டுப்போகும். கந்தகம் ஏறினால் கெடாது. ஆகவே கந்தகம் இருந்தால் தண்ணீரை விற்கலாம். நான் மேலே தனித்தனியாகச் சொன்ன இரண்டாவது வழியும் மூன்றாவது வழியும் சந்திக்கும் இடம் அது. கேடு விளைவிக்குமா என்ற வழக்கில் வெல்ல முடியாத அரசு, ஏமாற்று என்ற வழக்கை மட்டும் கைவிடாமல் வைத்துக்கொண்டது.

அந்த நிபுணர் குழுவுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத் தலைவர் ஐரா ரெம்சன் தலைமை தாங்கினார். யேல் பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் சிட்டெண்டன் போன்ற பெயர்பெற்ற விஞ்ஞானிகள் அதில் இருந்தார்கள். சர்க்கரைக்குப் பதிலாகப் பயன்படும் செயற்கை இனிப்பான சாக்கரின் கண்டுபிடிக்கப்பட்டது ரெம்சனின் ஆய்வகத்தில். அந்த ஆண்டு ஜனவரியில் வெள்ளை மாளிகையில் நடந்த ஒரு பேச்சில் வைலி சாக்கரினைக் குறை சொல்லப்போய், மருத்துவர் சொன்னபடி அதைத் தினமும் எடுத்துக்கொண்டிருந்த ரூஸ்வெல்ட்டின் கோபத்துக்கு ஆளானார். பென்சாயிக் அமிலத்தின் உப்பான பென்சோயேட் சிறிய அளவில் கேடற்றது என்று குழு 1909இல் சொன்னது. துறைக்குள்ளும் வைலிக்குத் துணை இல்லை: உணவு மருந்து ஆய்வு வாரியம் என்று 1907இல் அமைத்த மூவர் குழுவில் மற்ற இருவர் சேர்ந்துகொண்டால் அவர் ஒற்றை ஓட்டு. 1912 மார்ச்சில் அவர் பதவி விலகினார். அதுவரை அந்த 350 மில்லிகிராம் நடைமுறைக்குத் திரும்பவில்லை.

ஆக, உங்கள் வாடிக்கையாளருக்கு இப்படிச் சொல்லலாம்: 1906இல் தடை வரவில்லை, 1907இல் ஒரு வரம்பு வந்தது, அந்த ஆண்டே அதைச் செயல்படுத்தாமல் நிறுத்தி, 1908இல் லேபிளில் எழுது என்ற நிபந்தனையாக மாற்றினார்கள்.

இதற்குமேல் இரண்டு செய்திகளைச் சேர்த்தால் கதை இன்றைக்கு வந்துவிடும். வெளுக்க வைத்த கோதுமை மாவு தொடர்பான வழக்கில் 1914இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு விளக்கம் தந்தது. நச்சுப்பொருள் கொஞ்சம் சேர்ந்திருப்பதாலேயே உணவைத் தண்டிக்க முடியாது, அந்த அளவில் அது கேடு விளைவிக்கக்கூடும் என்று அரசு காட்ட வேண்டும் என்றது. ஆனால் யாருக்குக் கேடு என்று பார்க்கும்போது வலுவானவர், மெலிந்தவர், முதியவர், இளையவர், நலமுள்ளவர், நோயாளி அனைவரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. வியாபாரத் தரப்பு முதல் பாதியைக் கொண்டாடியது. இரண்டாவது பாதிக்கு வேலை வந்தது 1980களில்தான். ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குக் கந்தகப் பதப்படுத்தி மூச்சுத் திணறலை உண்டாக்குவது உறுதியானபோது, 1986இல் அமெரிக்க அரசு பச்சையாக உண்ணும் காய்கனிகளில் அதன் பயன்பாட்டைத் தடை செய்தது. பொதிந்த உணவில் கிலோவுக்கு 10 மில்லிகிராமோ மேலோ இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்றது. அந்தப் 10 மில்லிகிராம் விதி இன்று நம் நாட்டு லேபிள் ஒழுங்குமுறையிலும் ஒவ்வாமைத் தகவலாக இருக்கிறது. வைலி தேடிய மெலிந்த மனிதன் அவர் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட 12 திடமான இளைஞர்களுக்குள் இல்லை.

விஷமா என்று கேட்பவருக்கு நான் கணக்கே சொல்வேன். உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் கூட்டாக அமைத்த நிபுணர் குழுவின் கணிப்பில், வாழ்நாள் முழுதும் தினந்தோறும் எடுத்துக்கொள்ளக்கூடிய அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.7 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 42 மில்லிகிராம். கிலோவுக்கு 1,500 மில்லிகிராம் கொண்ட ஆப்ரிகாட்டில் 28 கிராம் சாப்பிட்டாலே அது எட்டிவிடும். அதாவது நாலைந்து பழம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு பழத்துக்கு மேல் இடமில்லை. 1907இன் 350 மில்லிகிராம் வரம்பு அமலில் இருந்திருந்தால் அதே பெரியவர் 120 கிராம் சாப்பிடலாம். என்றாவது ஒருநாள் கூடுதலாகத் தின்றவர் அஞ்ச வேண்டியதில்லை; ஆஸ்துமா உள்ளவரும், தினமும் கைநிறைய அள்ளித் தின்பவரும் புகையிடாத பழுப்பு ஆப்ரிகாட்டையே வாங்குவது நல்லது. இதைச் சொல்லி விற்றால் உங்களுக்கு வியாபாரம் குறையாது.

இனி உங்கள் கடையில் எடுத்த மாதிரியைப் பற்றி. அந்த 1906 சட்டத்தின் 9ஆம் பிரிவு சில்லறை வியாபாரிக்கு ஒரு கவசம் கொடுத்தது: சரக்கைத் தந்த உற்பத்தியாளரோ மொத்த வியாபாரியோ, இது கலப்படமற்றது என்று கையெழுத்திட்ட உறுதிமொழி கொடுத்திருந்தால் வழக்கு அவர் மேல் திரும்பும். இதைக் கம்பெனிகள் விளம்பரமாக்கி, சட்டத்தின்படி உத்தரவாதம் என்று பொதிகளில் அச்சடிக்க, மக்கள் அரசாங்கமே உத்தரவாதம் தந்ததாக நம்பினார்கள். கடைசியில் அந்த வாசகத்தையே நீக்க வேண்டி வந்தது. (நம் பொதிகளில் உள்ள 14 இலக்க உரிம எண்ணைப் பார்த்து அரசு சோதித்துப் பார்த்த பண்டம் என்று எண்ணுபவர்கள் இன்றும் உண்டு.) நம் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தரநிலைகள் சட்டத்தின் உரிம ஒழுங்குமுறையிலும் ‘படிவம் ஈ’ என்ற உத்தரவாதப் படிவம் இருக்கிறது, உங்கள் மொத்த வியாபாரி அதைப் பில்லிலேயே சேர்த்திருக்கிறாரா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத சரக்குக்கு விற்றவரே பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுவதால், பில்லைக் கவனமாக வைத்திருங்கள். ஆப்ரிகாட்டை மூட்டையிலிருந்து உதிரியாக விற்றீர்களா, மூடிய பொதியாக விற்றீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பொதியாக இருந்தால் அதில் பதப்படுத்தியின் பெயரோ, கந்தக டை ஆக்ஸைடைக் குறிக்கும் 220 என்ற எண்ணோ இருக்கிறதா என்பதும் அலுவலர் பார்க்கும் விஷயம்.

பகுப்பாய்வாளர், மாதிரி கிடைத்த 14 நாள்களுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். கந்தகத்தை அளக்கும் முறை 1927இல் மானியர் வில்லியம்ஸ் வகுத்தது. பழத்தை அமிலத்தில் கொதிக்க வைத்து, வரும் வாயுவை ஹைட்ரஜன் பெராக்சைடில் பிடித்து, உண்டாகும் அமிலத்தைக் காரத்தால் அளப்பது. பூண்டு, முட்டைக்கோஸ் குடும்பங்கள் போன்றவற்றில் இந்த முறை தவறான எண் காட்டும். ஆப்ரிகாட்டில் அந்தத் தொல்லை இல்லை. அறிக்கை பாதகமாக வந்து, அதை ஏற்க நீங்கள் விரும்பாவிட்டால், பெற்ற நாளிலிருந்து 30 நாள்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் உகந்தது என்று கருதினால் மாதிரியின் இன்னொரு பகுதி பரிந்துரை ஆய்வகத்துக்குப் போகும். அந்த முப்பது நாளைத் தவறவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை மாதிரி எடுக்கும்போது, நான்கு பகுதிகளில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பும்படி எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதை அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அத்தியின் மேல் உள்ள வெள்ளைப் பூப்பு பெரும்பாலும் பழத்தின் சொந்தச் சர்க்கரை வெளியே வந்து படிந்ததாக இருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஒரு பழத்தைப் போடுங்கள்: சர்க்கரையானால் கரைந்து மறையும். பஞ்சு போல நூல்நூலாக நின்றாலோ, பச்சை அல்லது கறுப்புச் சாயல் தெரிந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ பூஞ்சை. அந்தப் பெட்டியை விற்காமல் தனியே எடுத்து வைத்து, மொத்த வியாபாரிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். எதுவாக இருந்தாலும் பெட்டிக்குப் பத்துப் பழமாவது பிளந்து பார்த்துவிட்டு விற்பனைக்கு வையுங்கள்.